நுரையும் கண்ணாடி இழையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் இம்மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். சிலம்பும் கம்பனும் முழங்கிய இடத்தில் ரெசினையும் உப்புத்தாளையும் பற்றிப் பேச எங்களை அழைத்தது செயற்குழுவினரின் துணிவு. "காலனியில் எல்லோரும் பேசிக்கொள்ளும் அந்தக் காரியத்தைப் பற்றி நீங்களே வந்து சொல்லிவிடுங்கள்" என்று பணித்தனர். அந்தக் காரியம் இன்னது என்பதை இங்கு அமர்ந்திருப்போர் அனைவரும் அறிவர். மூக்கு உடையோர் யாவரும் அறிவர் என்று சொன்னாலும் பொருந்தும். நுரைக்கட்டியையும் கண்ணாடி இழையையும் கொண்டு மோட்டார் காருக்கு வேண்டிய மேலுறுப்புகளை நம் கையாலேயே செய்துகொள்ளும் வேலைதான் அது.

நாங்கள் என்றது நால்வரை. பண்டகசாலைப் பிரிவில் பேரேடு எழுதும் எழுத்தர் ஒருவர்; அவரே இப்போது உங்கள் முன் நிற்பவர். கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். காருக்கு உரியவர் அவர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பயிற்சி முடித்து, ரயில்வேத் தேர்வின் முடிவை எதிர்நோக்கியிருக்கும் தம்பிமார் இருவர். வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் தம்பிமார். பேசும் பொறுப்பு எழுத்தருக்கு வாய்த்தது. உலகில் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது!

பெரியவரிடம் இருப்பது அம்பாசடர் வண்டி. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை, இதே வங்காளத்தின் உத்தர்பாராவில் வடிக்கப்பட்ட வண்டி அது. தொழிற்சாலை மூடிய பின்னர் புதிய உறுப்புகள் அருகிவிட்டன. முன்புறத்தில் பம்பரை ஒட்டிக் கீழே வளைந்து இறங்கும் தகடு ஒன்று உண்டு. பட்டறையார் அதனை ஏப்ரன் என்பர். பெரியவர் வண்டியில் அது துருவேறிச் சல்லடையாகிவிட்டது. பழைய உறுப்புகள் விற்கும் கொல்கத்தா மல்லிக் பஜாரில் இரண்டு முறை தேடியும், கிடைத்தவை தம் வண்டியில் இருந்ததைக் காட்டிலும் துருவேறியவையாக இருந்தனவாம். கரக்பூரிலிருந்து 115 கிலோமீட்டர் சென்று இன்னொருவர் துருவை விலைக்கு வாங்கி வருவானேன் என்று அவர் வெறுங்கையோடு திரும்பினார். எங்கள் முயற்சி அங்கே தொடங்கிற்று.

கண்ணாடி இழை என்றதும், உடையும் பொருளால் வண்டிக்கு உடல் செய்வதா என்று சிலர் நகைத்தனர். தாய்மார்கள் நகைக்கமாட்டார்கள். மூங்கில் முறத்தின் கண்கள் அடைபடப் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்துப் பூசி வெயிலில் காயவைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்க்கு உண்டு. வெறும் மூங்கில் வளையும். வெறும் காகிதக் கூழ் உதிரும். இரண்டும் சேர்ந்தால் பல ஆண்டுகள் புடைக்கலாம். தத்துவம் அதுவேதான். மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகள் இழுப்பைத் தாங்குகின்றன. பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசின் அவற்றை இடம் பெயராமல் பிணைத்து, பாரத்தை ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குக் கடத்துகிறது. முறத்திற்கு வெந்தயம் எதுவோ, இதற்கு ரெசின் அது.

இது நேற்று முளைத்த தொழிலும் அன்று. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் கார்வெட் என்னும் காரைக் கண்ணாடி இழை உடலோடு வெளியிட்டனர். அவ்வாண்டில் செய்தவை 300 வண்டிகளே. நம் நாட்டிலும் பெங்களூரில் 1970களில் பாதல் என்னும் மூன்று சக்கரக் காரும், 1980களில் சிபானி டால்பின் என்னும் சிறு காரும் இதே உடலோடு ஓடின. நம் சொந்த இலாகாவுக்கே வருவோம். பெரம்பூர் தொழிற்சாலையில் பிறந்த வந்தே பாரத் ரயிலின் கூர்மூக்கு எஃகினால் ஆனதன்று; கண்ணாடி இழையால் ஆனது. 2022 அக்டோபர் 6 அன்று, மும்பையிலிருந்து காந்திநகர் சென்ற வந்தே பாரத் குஜராத்தில் எருமைக் கூட்டத்தில் மோதியபோது அம்மூக்கு உடைந்தது. மறுநாள் வேறு மூக்கோடு வண்டி புறப்பட்டது. பலர் அதனைப் பழித்தனர். எங்களுக்கு அதில் ஒரு நயம் தோன்றியது. மூக்கு காற்றைக் கிழிப்பதற்கு. வண்டியைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம். தோல் வேறு, எலும்பு வேறு என்னும் இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

இவ்வேலையை நாங்கள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. எழுத்தர் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். விடுமுறையில் நாகப்பட்டினம் சென்றபோது கடற்கரையில் பார்த்ததே முதற்பாடம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் மரப்படகுகளும் கட்டுமரங்களும் அழிந்த பின்னர், நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. கொட்டகையில் அவற்றைச் செய்வோரும் பழுது பார்ப்போரும் பெரும்பட்டம் பெற்றவரல்லர். இழைப் பாயை விரித்து, ரெசினைத் தோய்த்து, உருளையால் உருட்டி, அலைகடலில் இறங்கும் படகைச் செய்கின்றனர். கடலைத் தாங்குவதைக் கரையில் செய்ய இயலுமாயின், காற்றைத் தாங்குவதைக் காலனியில் செய்யலாகாதா?

இனிச் செய்முறை. முதலில் உரு வேண்டும். உருவிற்கு நுரை வேண்டும்.

நுரை என்றதும் எவரும் தெர்மாகோலை எடுத்துவிடுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு அது நன்று. இவ்வேலைக்கு அது பகை. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்னும் திரவம் கலந்துள்ளது. அது பட்ட இடத்தில் தெர்மாகோல் வெல்லம்போல் கரைந்து குழிந்துவிடும். நான்கு நாள் செதுக்கிய உரு நாலு நிமிடத்தில் காணாமற்போகும். விலை மிகுந்த எபாக்ஸி ரெசின் தெர்மாகோலைக் கரைப்பதில்லை. ஆயின், பாலியெஸ்டருக்கென விற்கும் இழைப் பாய் பலவும் எபாக்ஸியில் சரிவரத் தோயா. நெய்த துணியாக வாங்கவேண்டும். நாங்கள் எடுத்தது பாலியூரிதேன் நுரை. குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் மஞ்சளாக அடைத்திருக்குமே, அவ்வினம். அது ரெசினுக்குக் கரையாது, கத்திக்கு வசப்படும்.

துருவேறிய தகட்டைக் கழற்றிவிட்டு, சுற்றியுள்ள வண்ணப்பூச்சின்மேல் ஒட்டுநாடாவும் அலுமினியத் தாளும் போர்த்தி, மெழுகு தடவினோம். ஒரு துளி ரெசின் வண்ணத்தில் விழுந்தால் பின்னர் அழுது பயனில்லை. பிறகு நுரைக்கட்டிகளை வண்டியின்மீதே தற்காலிகமாகப் பொருத்தினோம். தனியே ஒரு பலகையில் வைத்துச் செய்வது எளிதாகத் தோன்றும்; ஆனால் கொண்டுவந்து பொருத்தும்போது ஒரு பக்கம் இடைவெளி விடும், மறுபக்கம் முட்டும். வண்டியே அளவுகோலாக இருப்பது நன்று.

செதுக்குவதற்கு ஆக்சா பிளேடு ஒன்று, மர அரம் ஒன்று, முரட்டு உப்புத்தாள் ஒன்று, இவை போதும். கடினமானது செதுக்குவதன்று. இடமும் வலமும் ஒத்திருக்கச் செய்வதே கடினம். மனிதக் கண் விந்தையானது. தனியே பார்த்தால் எந்த வளைவும் அழகே; இரண்டையும் சேர்த்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு நூல் வேறுபாடும் உறுத்தும். அதற்குத் தம்பிமார் கையாண்ட வழியைச் சொல்லவேண்டும். பழைய கோப்பு அட்டைகளில் இடப்புற வளைவைக் கையகலத்துக்கு ஒன்றாக வெட்டினர். அந்த அட்டைகளையே புரட்டி வலப்புறத்தில் வைத்து, ஒளி ஊடுருவும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துத் தேய்த்தனர். அட்டைக்கும் நுரைக்கும் இடையே ஒளி மறையும்வரை மூன்று மாலைப்பொழுதுகள் சென்றன. அலுவலகக் கோப்பு அட்டை இத்துணைப் பயனுள்ள காரியத்திற்கு வேறெங்கும் உதவியதாக எழுத்தருக்கு நினைவில்லை.

இந்த நுரை உரு நிலைத்திருக்கப் போவதில்லை. சுவாமிமலைச் சிற்பி மெழுகால் உரு செய்து, மண் பூசி, பின் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் உலோகம் வார்ப்பதுபோல, இங்கும் நுரை பிறர்க்கு வடிவம் ஈந்துவிட்டுத் தான் மறைவது. ஒரே ஓர் உறுப்பு வேண்டுமாயின் நுரையின்மேல் நேரே இழையைப் படியவைப்பதே சிக்கனம். பத்து வேண்டுமாயின், உருவைப் பளிங்குபோல் மெருகேற்றி, பலமுறை மெழுகிட்டு, அதிலிருந்து அச்சு ஒன்று எடுத்து, அச்சிலிருந்து உறுப்புகளை எடுக்கவேண்டும். இங்கே கொல்கத்தாவின் குமார்துலியில், வெளிநாடுகளுக்கு அனுப்பும் துர்க்கை உருவங்களைக் கண்ணாடி இழையில் செய்கின்றனர்; கனம் குறைவு, பயணத்தில் எளிதில் உடையாது. எங்களுக்கு வேண்டியது ஒன்றே. ஆதலின் முதல்வழியை மேற்கொண்டோம்.

இப்போது கணக்கு. இதில்தான் எழுத்தருக்குச் சிறிது மதிப்பு ஏற்பட்டது. உறுப்பின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். ஆகப் பரப்பு 0.45 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள இழைப் பாய் ஓர் அடுக்குக்குச் சுமார் 200 கிராம். மூன்று அடுக்குக்கு 600 கிராமுக்குச் சற்று மேல். ஓர் அடுக்கு காய்ந்தபின் ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மூன்றும் சேர்ந்தால் மூன்று மில்லிமீட்டர். பாயின் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு ரெசின் வேண்டும். சேதாரத்தோடு ஒன்றரைக் கிலோ. கெட்டியாக்கும் திரவம் ரெசினில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது மொத்தம் இருபத்திரண்டரை கிராம்தான். ரெசின் கூடினால் வலிமை கூடும் என்பது பொதுவான மயக்கம். இழையே வலிமை, மிகுந்த ரெசின் கனமும் நொய்ம்மையுமே சேர்க்கும். சாம்பார் மிகுந்தால் சோறு பெருகிவிடுமா?

ஒன்றரைக் கிலோவையும் ஒருசேரக் கலக்கலாகாது. கெட்டியாக்கியைச் சேர்த்த கணம் முதல் ரெசின் சூடேறத் தொடங்குகிறது. நம்மூர் வெயிலில் ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் அது களிபோலாகிக் கைக்கு அடங்காது. கிண்ணத்தில் மிகுதியாக நின்றால் சூடு வெளியேற வழியின்றிப் புகையும், தீப்பற்றுவதும் உண்டு. ஆதலின் ஒரு தரத்திற்கு 250 கிராம் என்று வகுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தரத்தையும் மணி, எடை, வெயில் நிலை ஆகியவற்றோடு நோட்டில் எழுதினோம். தம்பிமார் முதலில் சிரித்தனர். மூன்றாம் தரத்தில் தாமே நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தனர்.

பாயை விரித்து ரெசினைத் தூரிகையால் தீட்டினால் இழைகள் சுருண்டு கூடவே வரும். தீட்டாமல், நுனியால் குத்திக் குத்தித் தோய்க்கவேண்டும். வெண்மையாக இருந்த பாய் தோயத் தோயக் கண்ணெதிரே தெளிந்து கண்ணாடியாகும். அது காண இனிய காட்சி. வெண்மையாகவே நிற்கும் இடத்தில் காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். பள்ளமுள்ள சிற்றுருளையால் உருட்டி அதை ஓரத்திற்கு விரட்டவேண்டும். அடைபட்ட காற்று பின்னர் ஒரு கோடை வெயிலில் கொப்புளமாகத் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். இதனைக் காய்ந்த பிறகு அறியவும் ஒரு வழி உண்டு. நாணயத்தால் மெல்லத் தட்டினால், அடுக்குகள் ஒட்டிய இடம் கணீரென்னும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

பருவமும் பார்க்கவேண்டும். வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் ரெசின் சரிவர இறுகாது. மார்கழி இரவுகளில் இங்கு அக்குளிர் உண்டு. மழைக்காலத்து ஈரமும் ஆகாது. சித்திரை வெயிலிலோ கலக்கி முடிக்குமுன் இறுகிவிடும். கார்த்திகைப் பகலும் மாசி மாதமும் இதற்கு உகந்தவை. பஞ்சாங்கம் பார்ப்பதை விடாத பெரியவர் இவ்வொரு முகூர்த்தத்தை மட்டும் வெப்பமானியிடம் விட்டுவிட்டார்.

ஒருநாள் முழுதும் இறுகியபின் உறுப்பைக் கழற்றி, உள்ளிருந்த நுரையைச் சுரண்டி எடுத்து, உட்புறம் மற்றோர் அடுக்கு கொடுத்தோம். ஓரத்தை உள்ளே மடித்து விளிம்பு அமைத்தோம். விளிம்பில்லாத உறுப்பு தகரம்போல் ஆடும். திருகாணி ஏறும் இடங்களில் சிறு ஒட்டுப்பலகைத் துண்டுகளை இழைக்குள் பதித்து, துளைகளைச் சற்றுப் பெரிதாக இட்டு, அகன்ற வாஷர் வைத்தோம். இறுக்கித் திருகினால் துளையின் ஓரம் வெடிக்கும்.

இத்தனையும் முடிந்தபோது வேலை முடிந்துவிட்டதென்று காண வந்தோர் எண்ணினர். பாதி வேலைகூட ஆகவில்லை. மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். பட்டி பார்த்தல், 80ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்தல், மீண்டும் பட்டி, 120, 220, பிறகு நீர் விட்டு 400, பிரைமர், மீண்டும் தேய்ப்பு என்று ஒன்பது நாள். மூத்த தம்பி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லக் கற்றுவிட்டார். கண் காணாததை அவர் கை கண்டது. இதனை எந்தத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனித் தோலும் எலும்பும் என்றோமே, அதற்கு வருவோம். வீட்டில் செய்யத் தகுந்தவை தோல் மட்டுமே. ஏப்ரன், விளக்கைச் சுற்றிய வளையம், உள்ளே டேஷ்போர்டு மேலுறை, ஒலிபெருக்கி வைக்கும் பெட்டி ஆகியவற்றைச் செய்யுங்கள். மோதலைத் தாங்கவேண்டிய எதையும் தொடாதீர்கள். பம்பரின் எஃகை எடுத்துவிட்டு அழகான கண்ணாடி இழையை வைத்தல், இருக்கை பிணைந்த தளத்தை மாற்றுதல், கதவின் உட்சட்டத்தை அறுத்தல் ஆகியவை கூடவே கூடாது. இரும்பு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இவ்விழை நசுங்காது, பிளக்கும். பிளந்த விளிம்பு கத்திபோல் இருக்கும். அவ்விளிம்புக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் நம் வீட்டார்.

சட்டமும் இடையே நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. நாங்கள் செய்தது இருந்த உறுப்புக்கு ஒத்த உறுப்பு. நீளமோ அகலமோ மாறவில்லை. வண்டியின் உருவையே மாற்றிப் பந்தயக் கார்போல் ஆக்கவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள், நுரை வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். வாய்மொழி அனுமதி எதற்கும் உதவாது என்பதை ஓர் அலுவலக எழுத்தர் சொன்னால் நம்பலாம்.

இப்போது இவ்வுரையின் வருத்தமான பகுதிக்கு வருகிறோம். நாங்கள் நால்வரும் வேலை செய்தது பெரியவர் வீட்டுத் திறந்த முற்றத்தில், காற்று வீசும் பக்கத்தில் எந்த வீடும் இல்லாத இடத்தில். அதைக் கண்ட வேறு சில பிள்ளைகள் ஆர்வம் மிகுந்து, தங்கள் குவார்ட்டர்ஸின் பின் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு உள்ளேயே தொடங்கிவிட்டனர். அடுத்த வீட்டில் இளைப்பு நோயுள்ள குழந்தை ஒன்று இருக்கிறது. இரண்டு இரவு அக்குழந்தை உறங்கவில்லை. அதன் தாயார் எங்களிடம் வந்து சினந்து பேசவில்லை, "அண்ணா, இது என்ன வாசனை, இது கெடுதலா?" என்று மட்டும் கேட்டார். கெடுதல்தான் என்று விடை சொன்னோம். அதனையே இங்கும் சொல்லவேண்டும்.

ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தங்கும். குழந்தைகள் தவழ்வதும் பாய் விரித்துப் படுப்பதும் அத்தரையில்தான். தலைவலி, மயக்கம், மூச்சுத் திணறல் தரும். அடுப்பு நெருப்பு எட்டினால் பற்றிக்கொள்ளும். முகத்தில் கட்டும் துணி தூசியை ஓரளவு தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. கரிக்குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். கெட்டியாக்கியான மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு நீர்போல் தெளிந்திருக்கும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி அணியாமல் அப்புட்டியைத் திறக்கலாகாது. பட்டுவிட்டால் அக்கணமே குழாயடியில் கால்மணி நேரம் கண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

இன்னும் ஒன்று, இதனை இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். சில கடைகளில் ரெசின், கோபால்ட், கெட்டியாக்கி என மூன்றாகத் தருவர். கோபால்ட்டையும் கெட்டியாக்கியையும் ஒன்றோடொன்று நேரே ஒருபோதும் சேர்க்கலாகாது; வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கி முடித்த பின்னரே மற்றது. அளவுக் குழலும் இரண்டிற்கும் தனித்தனியே இருக்கவேண்டும். கோபால்ட்டை ஏற்கெனவே கலந்து விற்கும் ரெசினையே கேட்டு வாங்குவது நன்று. நாங்கள் அவ்வாறே செய்தோம். செதுக்கிய நுரைத் துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தவும் கூடாது, அப்புகை நஞ்சு.

ரயில்வே ஊழியர் என்ற முறையில் இன்னொரு சொல். கொல்கத்தாவில் ரெசின் மலிவாயிற்றே என்று, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் வண்டியில் ஏறிவிடாதீர்கள். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 164ஆவது பிரிவின்படி, அபாயப் பொருளை முறைகேடாக வண்டியில் கொண்டுவந்தால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும், ஆயிரம் பேர் நெருங்கி நிற்கும் பெட்டியில் எரியும் திரவத்தைக் கொண்டுவர நமக்கு எவ்வாறு மனம் வரும்? எங்கள் சரக்கு, கடைக்காரரின் லாரியில் சாலை வழியே வந்தது. கூடுதலாக ஒரு வாரம் காத்திருந்தோம்.

இவ்வளவு கேடுடையதாயின் இதனை அடியோடு நிறுத்திவிடலாமே என்று பெரியோர் சிலர் செயற்குழுவுக்கு எழுதியுள்ளனர். அவர்கள் கூற்றில் பாதியை நாங்கள் முழுமனத்தோடு ஏற்கிறோம். குவார்ட்டர்ஸுக்குள் இவ்வேலை கூடாது. ஒரு நாளும் கூடாது. மறுபாதியை ஏற்க இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நம் காலனியில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்து, தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒருவரா, இருவரா? காத்திருக்கும் ஆண்டுகளில் அவர்கள் கற்ற கைத்தொழில் மறந்துபோகிறது. நம் தந்தையர் பலர் இங்குள்ள பணிமனையில் சுத்தியலும் அரமும் பிடித்தே நம்மைப் படிக்கவைத்தனர். நாம் பேனா பிடித்தோம். பேனா பிடித்த பிறகு அரத்தைக் கண்டால் நமக்குக் கூச்சம் வந்துவிட்டது. மூத்த தம்பியின் தந்தையார் இச்சங்கத்தின் உறுப்பினர்; இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். "படித்த பிள்ளை பட்டி பார்க்கவா?" என்று அவர் எங்களிடம் வருந்திக் கேட்டார். அண்ணாச்சி அவர்களே, தங்கள் மகன் பட்டி மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைப் பிழையின்றி நிறுத்தார். வளைவை அட்டையில் பிடித்தார். வெப்பம் பார்த்து நேரம் குறித்தார். இவை அவர் படித்த படிப்பே. முன்பு தாளில் இருந்தவை, இப்போது கைக்கு வந்திருக்கின்றன.

ஆதலின் செயற்குழுவின்முன் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் இது. சங்க மண்டபத்தின் பின்னால் மூன்று பக்கமும் திறந்த சைக்கிள் கொட்டகை ஒன்று வெறுமனே நிற்கிறது. ஞாயிறுதோறும் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை அதனை இவ்வேலைக்குத் தரவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் உள்ளே வரலாகாது. ரெசின் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கலாகாது. கெட்டியாக்கி வேறு பெட்டியில், வேறு நிழலில், பூட்டிய நிலையில் இருக்கவேண்டும். மணல் வாளி இரண்டும், நீர்க்குழாயும், கரிக்குப்பி முகமூடி நான்கும் வைக்கும் செலவை நாங்கள் நால்வரும் ஏற்கிறோம். இடம் ரயில்வேக்கு உரியது; ஆதலின் உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பின்னரே கொட்டகை திறக்கும். பேரேடு எழுதும் பணி எழுத்தருடையது. அடுத்த வீட்டுத் தாயாரைக் கேட்டபோது, கொட்டகைக்கும் தம் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவை அவரே நடந்து பார்த்துவிட்டு, காற்று தெற்கிலிருந்து வீசும் நாளில் மட்டும் வேலை வேண்டாம் என்றார். அதனையும் விதியாகச் சேர்த்துள்ளோம்.

செயற்குழு வரும் மாதக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளும் என்று செயலாளர் தெரிவித்திருக்கிறார். அதற்குமுன் உறுப்பினர்கள் பொருளை நேரில் பார்த்துவிடுவது முறை. பெரியவரின் அம்பாசடர் மண்டபத்து வாயிலில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. சிற்றுண்டி முடிந்து செல்லும்போது ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து முன்புறத்தை இடமிருந்து வலமாக மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் இடம் எங்கேனும் இருந்தால், அருகில் சுண்ணக்கட்டி வைத்திருக்கிறோம். அவ்விடத்தில் வட்டமிட்டுச் செல்லுங்கள். தம்பிமார் இருவரும் வண்டியருகில் நிற்பார்கள்.